உள்ளுறை வெப்பம்

கலந்தாய்வுத் திரையில் காலியிடங்கள் குறைந்துகொண்டே வந்தன,
ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் குறைவதுபோல.
எலக்ட்ரீசியன் பூஜ்யம். ஃபிட்டர் இரண்டு.
எனக்கு முன்னால் நின்ற சாயல்குடிப் பையன்
அந்த இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு
கழுத்து வியர்வையை ஹால் டிக்கெட்டால் துடைத்தான்.

"பொம்பளப் பிள்ளைக்குத் தையல் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு"
என்றார் மேசைக்காரர், மவுஸிலிருந்து கை எடுக்காமல்.
நூருல் ஷிபா தையலுக்குப் போனாள்.
நல்ல முடிவுதான்.
அவள் தைத்த சட்டையைத்தான் இப்போது போட்டிருக்கிறேன்,
ஸ்பேனருக்குத் தனிப் பை வைத்தது.

மண்டபத்து நண்டுக் கம்பெனியிலிருந்து அம்மா போனில்:
"ஏசி ரூமுல உக்காருற வேலையாப் பாத்து எடுடி."
நான் ஏசி எடுத்தேன்.
குளிர்பதன மெக்கானிக், இரண்டு வருடம்.
அரை நாள் சந்தோஷமாக இருந்தாள்,
அது ஏசி ரூமுக்கு வெளியே
வெயிலில் ஏணிமேல் நிற்கிற வேலை என்று
யாரோ சொல்லும்வரை.

இருபத்துநாலு பேரில் ஒருத்தி.
என் காலுக்கு பூட்ஸ் வரவேயில்லை,
கடைசிவரை இரண்டு சாக்ஸ் போட்டு நிரப்பினேன்.
செப்புக் குழாயின் வாயை மலர்த்தச் சொன்னார்கள்.
முதல் மாதம் பதினோரு குழாய் கிழிந்தது.
பன்னிரண்டாவது மலர்ந்தது. அதையும் கீழே போட்டு நசுக்கினேன்.

பத்தாம் வகுப்பில் உள்ளுறை என்றால் உவமம்:
எருமையும் தாமரையும் என்று சொல்லிவிட்டு
சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடுவது. இரண்டு மதிப்பெண்.
இங்கே உள்ளுறை என்றால் வெப்பம்.
பனிக்கட்டி உருகும்போது
சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்,
தெர்மாமீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கும்,
கடைசிச் சில்லும் கரைகிறவரை.
அன்றைக்கு நோட்டில் படம் வரையாமல் உட்கார்ந்திருந்தேன்.
சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் கேட்பார்கள்,
"என்னதான் படிச்ச?"
பூஜ்யம்.

செய்முறைத் தேர்வில்
என் மெஷினில் எங்கோ கசிவு வைத்திருந்தார்கள்.
சோப்பு நுரை தடவித் தடவிப் போனேன்.
நேரம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில்
வளைவுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்,
கடுகளவு ஒரு குமிழி
மூச்சு விட்டது.

சான்றிதழில் மரிய ரெக்சலின் என்பது
மரிய ரெக்சவின் ஆகியிருந்தது.
திருத்த இரண்டு முறை ராமநாதபுரம் போனேன்.
மூன்றாம் முறைக்குப் பஸ் காசு இல்லை.
வேலைக்குப் போய்விட்டேன், ரெக்சவினாகவே.

தடைக்காலம் வந்தால் படகு கட்டி நிற்கும்,
ஐஸ் பிளாண்ட்டுக்கு அப்போதுதான் பழுது பார்ப்பு.
கடலுக்கு லீவு, எனக்கு ஓவர்டைம்.
"மெக்கானிக் வரலியா?" என்று
என் தலைக்கு மேலாக ரோட்டைப் பார்த்தார் நஜ்முதீன் ராவுத்தர்.
பையை இறக்கி வைத்தேன்.
அம்மோனியா நெடிக்கு முகத்தில் ஈரத்துணி கட்டினேன்.
மதியம் சாப்பாடு இரண்டு பொட்டலமாக வந்தது,
ஒன்று எனக்கு. வேறெதுவும் பேசவில்லை.
சம்பளமும் இன்னும் பேசி முடியவில்லை.

தொட்டிக்குள் உப்புத் தண்ணீர்
பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே போயும் உறையாமல்
சுற்றிச் சுற்றி ஓடுகிறது.
அதன் நடுவே டின்னில் நிற்கிற நல்ல தண்ணீர் கட்டியாகிறது.
எங்கள் தெருவில் குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஐம்பது கிலோ கட்டி சரிந்து வரும்போது
எத்தனை குடம் என்று மனது கணக்குப் போடும்.
அதை நிறுத்த எந்த வால்வும் இல்லை.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள்.
"குளிர் ரூம் நின்னுபோச்சு, நண்டெல்லாம் வீணாகுது.
சூப்ரவைசர் கத்துறான்.
உனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் யாராச்சும்..."

அப்புறம் பேச்சு வரவில்லை.
ஓடு உடைக்கிற சத்தம் மட்டும்
நாற்பது பெண்களுடையது, கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மக்கில் சோப்புத் தூள் போட்டு
கரைக்க ஆரம்பித்தேன்.